கீரையைக் கிள்ளுவதா, வேரோடு பிடுங்குவதா?

கேள்வி, 18 ஜூன் 2023

மாடியில் நான்கு பைகளில் கீரை விதைத்து 23 நாள் ஆகிறது. முளைக்கீரை என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். ஒரு சாண் உயரம் வந்துவிட்டது. வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்கிறார் அம்மா. கிள்ளினால் மறுபடி துளிர்க்கும், பிடுங்குவது வீண் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எது சரி?

18 ஜூன் 2023, இரவு

கிள்ளுங்கள். பிடுங்கினால் ஒரு வேளைக் கூட்டோடு முடிந்தது. மண்ணிலிருந்து நான்கு விரல் உயரம் விட்டு, கணுவுக்குச் சற்று மேலே கிள்ளினால் ஒரு வாரத்தில் கணுவுக்குக் கணு பக்கக் கொழுந்து வரும். திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன். வேர் பிடித்து நிற்கும் செடி எழுகிற வேகம் புது விதைக்கு வராது.

நேற்று வந்த பழக்கமும் இல்லை இது. குப்பையில் முளைத்த கீரையில், முன்பு கொய்த இடத்திலேயே மறுபடி துளிர்த்த கொழுந்தைப் பார்த்துக் கொய்து வந்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைத்து, ஊரார் பார்வைக்குக் கூசிக் கதவை அடைத்துக்கொண்டு உண்ணும் ஏழைப் பெண்ணைச் சங்கப் பாட்டில் படித்திருக்கிறேன். அன்றைக்கே கிள்ளித்தான் எடுத்தார்கள்.

19 ஜூன் 2023, காலை

இரவு எழுதியதில் ஒரு பிழை. இரண்டு பாட்டை ஒன்றாகக் கலந்துவிட்டேன். காலையில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.

கதவை அடைத்துக்கொண்டு உண்பது சிறுபாணாற்றுப்படையில். அங்கே உப்பில்லாமல் வேகிறது குப்பை வேளை, அதாவது வேளைக்கீரை. அதற்கும் முளைக்கீரைக்கும் உறவே கிடையாது. கொய்த இடத்தில் துளிர்த்த கீரை வருவது புறநானூறு 159இல், பெருஞ்சித்திரனார் தன் வீட்டு வறுமையைக் குமணனிடம் சொல்லும் பாட்டில். பால் வற்றிய மார்போடு நிற்கும் மனைவி குப்பைக்கீரையைக் கொய்கிறாள். 'கொய்கண்' என்று ஒரு சொல் போடுகிறார். கொய்த கண், அந்தக் கண்ணில் கிளைத்த முற்றாத தளிர். உப்பில்லை, மோரில்லை, சோற்றை மறந்தே போயிற்று. வெறும் கீரை.

செடியைக் கிட்ட இருந்து பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய சொல் அது. ஒரே செடியிடம் அந்தப் பெண் எத்தனை முறை திரும்பத் திரும்பப் போயிருக்கிறாள் என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

21 ஜூன் 2023

கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். கிள்ளுவதா பிடுங்குவதா என்பதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பையில் நூறு செடிக்கு மேல் நிற்கிறது. எல்லாம் வெளிச்சத்துக்காகக் கழுத்தை நீட்டி, தண்டு நூலாக இளைத்துப்போய் நிற்கின்றன. விதைப் பொட்டலம் முழுவதையும் நான்கு பைகளில் கொட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

கீரை விதை கடுகைவிட மிகச் சிறியது. ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேலே இருக்கும். வயலுக்கே ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோதான் பரிந்துரை. கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்குக் கால் கிராம். இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை. அதை ஒரு கை மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். மேலே தொழு உரத்தைச் சல்லடையில் போட்டு, விதை மறையும் அளவுக்கு உதறினால் போதும். ஆழமாகப் புதைத்தால் அந்தச் சின்ன விதைக்கு மேலே வரத் தெம்பு இருக்காது. பூவாளியில்தான் தண்ணீர், வாளியால் ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

எறும்பு இழுத்துப் போகிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் பாத்தியைச் சுற்றி மஞ்சள்தூளும் சாம்பலும் கலந்து ஒரு கோடு போடுவோம். முளை வர மூன்று, நான்கு நாள்தான் ஆகும். அதுவரை பழைய வேட்டித் துணி ஒன்றை மேலே விரித்து அதன்மேல் தண்ணீர் தெளித்தால் எறும்பும் வராது, குருவியும் கொத்தாது. முளை தெரிந்த அன்றே துணியை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் வெளுத்துவிடும்.

ஆகவே, தம்பி, உங்கள் பைகளில் இப்போது பாதியைப் பிடுங்கத்தான் வேண்டும். அம்மா சொன்னதும் சரி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் சரி. பிடுங்கிய பாதியை இன்றைக்குச் சமையுங்கள். மீதிப் பாதி காற்று வாங்கட்டும்.

24 ஜூன் 2023

மதுரையிலிருந்து ஒருவர் கடுமையாக மறுத்திருக்கிறார். முளைக்கீரையைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் மூன்றாவது தடவை கையில் கிடைப்பது நார்தானாம். கிள்ளுவதற்கென்றே அரைக்கீரை இருக்க முளைக்கீரையை ஏன் பாடுபடுத்துகிறீர்கள் என்கிறார்.

எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரம்மாவிடம் இன்று காலை கேட்டேன். கூடையை இறக்காமலே சொன்னார்: "முளைக்கீரையும் சிறுகீரையும் வேரோடு வரும் கண்ணு, அரைக்கீரை அறுத்து வரும். கட்டைப் பார்த்தாலே தெரியவில்லையா?" பார்த்தேன். முளைக்கீரைக் கட்டின் அடியில் வேரும் ஈர மண்ணும். அரைக்கீரைக் கட்டின் அடியில் அரிவாள் வெட்டு, எல்லாம் ஒரே மட்டமாக. இத்தனை வருடம் வாங்கியும் அந்த அடிப்பக்கத்தை நான் கவனித்ததே இல்லை.

அரைக்கீரைக்குப் பழைய பெயர் அறுகீரை. அறுத்து எடுக்கிற கீரை. பெயரிலேயே பதில் இருக்கிறது.

ஆனாலும் என் பத்து வருடப் பழக்கம் ஒரு கூடையைப் பார்த்து மாறிவிடாது. நாளை விதைக்கிறேன். மூன்றடிக்கு மூன்றடியாக நான்கு பாத்தி. முளைக்கீரை இரண்டு, அரைக்கீரை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பாத்தி பிடுங்க, ஒரு பாத்தி கிள்ள. ஒவ்வொரு தடவையும் சமையலறைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதப் போகிறேன். முளைக்கீரைக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 விதை. அரைக்கீரைக்கு அவர்களுடையதே, கோ 3.

2 ஜூலை 2023

முளைக்கீரையும் தண்டுக்கீரையும் ஒன்றா என்ற கேள்விக்கு: பல இடங்களில் ஒன்றுதான். கோ 1 அப்படித்தான். 25 நாளில் பிடுங்கினால் முளைக்கீரை, இடைவெளி விட்டு வளரவிட்டால் தண்டுக்கீரை. சிறுகீரை தனி, அரைக்கீரை தனி. குப்பைக்கீரை தானாக வரும், முள்ளுக்கீரையும் தானாக வரும். முள்ளுக்கீரையின் கொழுந்தைச் சமைக்கலாம். முள் முற்றிவிட்டால் கையைக் கிழிக்கும். எல்லாமே ஒரே குடும்பத்துப் பங்காளிகள்.

9 ஜூலை 2023

தண்ணீரைப் பற்றி. கீரை வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்கள் என்று கேட்கும்போதே மனம் பதறுகிறது. சத்தெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கிறது. கழுவிய கீரையில் ஒட்டியிருக்கும் ஈரமே பாதிப் பங்கு. மேலே ஒரு கை தெளித்தால் போதும். ஒரு சொட்டையும் கொட்டாதீர்கள்.

6 ஆகஸ்ட் 2023

கிள்ளுகிற முளைக்கீரைப் பாத்தியில் இலைக்கு அடியில் வெள்ளைக் கொப்புளம். மேலிருந்து பார்த்தால் மஞ்சள் புள்ளி மட்டும் தெரியும். இலையைத் திருப்பினால் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தது போல, குண்டூசித் தலை அளவு, தடித்து, பளபளவென்று. விரலால் தேய்த்தால் தோல் கிழிந்து வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. இதுதான் வெண்துரு நோய்.

காரணம் நானேதான். பத்து நாளாக மாலையில், விளக்கு வைத்த பிறகு, செடியின் தலையில் பூவாளி பிடித்துக்கொண்டிருந்தேன். இரவெல்லாம் இலை நனைந்தே கிடந்தது. பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

செய்தது: கொப்புளம் இருந்த இலைகளைக் கிள்ளி, எரு குழியில் போடாமல், அடுப்பில் போட்டு எரித்தேன். தண்ணீர் இனிக் காலையில், வேருக்கு மட்டும். நெருக்கமாக நின்ற செடிகளை எடுத்தேன். ஒரு கிலோ பச்சைச் சாணத்தைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு, மேல் தெளிவை மட்டும் வடிகட்டித் தெளித்தேன்.

பாலக்காட்டில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார்தான் சாணித் தெளிவைச் சொன்னார். அங்கே செங்கீரையில் இலைக்கருகல் வருமாம். அதற்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: சிவப்புச் செடிகளுக்கு நடுநடுவே நம் பச்சைக் கோ 1 செடிகளைக் கலந்து நடுவது. கோ 1 அந்தக் கருகலைத் தாங்கி நிற்கும். கருகல் ஒரு சிவப்புச் செடியிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியாமல் நடுவில் பச்சை நின்றுகொள்ளும். மருந்து அடிக்காமல், பக்கத்துச் செடியை வைத்தே ஒரு செடியைக் காப்பாற்றுகிறார்கள்.

7 ஆகஸ்ட் 2023

இலை சுருட்டும் புழுவுக்கும் சாணித் தெளிவு போதுமா என்றால், போதாது. அது வேறு சங்கதி. பச்சைப் புழு இரண்டு இலைகளை நூலால் ஒட்டி உள்ளே உட்கார்ந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். இலை சல்லடைத் துணி போலாகும். வீட்டுத் தோட்டத்துக்குக் கைதான் மருந்து. ஒட்டியிருக்கும் இலையைப் பிரிக்கப் போனால் புழு துள்ளிக் கீழே விழுந்துவிடும். பிரிக்காமல் அப்படியே கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மிக அதிகமானால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைத்து. தெளித்தால் ஒரு வாரம் அந்தக் கீரை சமையலுக்கு வேண்டாம், கசக்கும்.

12 செப்டம்பர் 2023

நோட்டைப் பார்த்து எழுதுகிறேன்.

முளைக்கீரை, பிடுங்கிய பாத்தி: 26 நாளுக்கு ஒரு முறை பிடுங்கி, அன்றே தொழு உரம் போட்டுக் கொத்தி மறுபடி விதைத்தேன். மூன்று பிடுங்கல். வேரை நறுக்கிவிட்டு நிறுத்தால் 650, 700, 510 கிராம். மூன்று முறையும் தண்டு நகம் பட்டால் 'பொட்' என்று உடைந்தது.

முளைக்கீரை, கிள்ளிய பாத்தி: முதலில் 340, பிறகு 390. மூன்றாவது 240, அதில் தண்டு வளைந்ததே தவிர உடையவில்லை. உடைக்கும்போது வெள்ளை நூல் போல நார் தொங்கியது. நோயும் இந்தப் பாத்தியில்தான் வந்தது. நான்காவது முறை பூங்கதிர் தலைகாட்டிவிட்டது. நிறுத்திவிட்டேன்.

அரைக்கீரையில் கதை நேர் எதிர். கிள்ளிய பாத்தியில் 20ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, இதுவரை ஒன்பது தடவை. கூட்டினால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே. இன்னும் எடுக்கலாம். கோ 3இல் பத்துத் தடவை வரை எடுக்கலாம் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. பிடுங்கிய அரைக்கீரைப் பாத்தியில் மொத்தமும் சேர்ந்து அதில் பாதிகூட இல்லை.

மதுரைக்காரர் சொன்னது சரி. கீரைக்காரம்மா சொன்னது சரி. ஜூன் 18 அன்று நான் அடித்துச் சொன்னது முளைக்கீரைக்குப் பொருந்தாது. பத்து வருடமாக நான் முளைக்கீரையைக் கிள்ளி, நாரோடு சமைத்து, பிள்ளைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியதைப் பார்த்து, பிள்ளைகளைக் கோபித்துக்கொண்டிருந்தேன். நேற்று மூத்தவளிடம் போனில் சொன்னேன். "அம்மா, அதை இருபது வயதிலேயே நான் சொன்னேன்" என்றாள். சொல்லியிருப்பாள்.

ஒன்று மட்டும் இன்னும் மாறவில்லை: கிள்ளுகிற கீரையைக் கிள்ளாமல் விடக்கூடாது. வாரத்துக்கு ஒரு முறை கை படாத அரைக்கீரை கோபித்துக்கொண்டு பூத்துவிடும். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் கடலைப்பிண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்துக் கரைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வேரில் ஊற்ற வேண்டும். எடுத்துக்கொண்டே இருந்தால் செடிக்கும் கொடுக்க வேண்டுமே.

13 செப்டம்பர் 2023

'என்னைக் கிள்ளுக்கீரை என்று நினைத்தாயா' என்று சண்டையில் கேட்கிறோம். எளிதாகக் கிள்ளி எறியக்கூடியவன் என்ற பொருளில். ஒன்பது முறை கிள்ளியும் பத்தாவது முறைக்கு நிமிர்ந்து நிற்கும் செடியைத் தினமும் பார்க்கிறேன். யாராவது இனி என்னைக் கிள்ளுக்கீரை என்றால் பெருமையாக எடுத்துக்கொள்வேன்.

1 அக்டோபர் 2023

சமையலைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர். கடையல் மட்டும் விரிவாக எழுதுகிறேன். மற்றதெல்லாம் எல்லோர் வீட்டிலும் நடப்பது.

கீரையை ஆய்ந்த பிறகு கழுவ வேண்டும். கழுவிய பிறகு நறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சத்தும் போகும், மணமும் போகும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கீரையை அமிழ்த்தி, கீரையைத் தூக்கி எடுங்கள். தண்ணீரைச் சாய்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரைமேல்தான் வந்து விழும். மூன்று தண்ணீர்.

மண் சட்டி. சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு ஆறு பல், பச்சை மிளகாய் இரண்டு, சீரகம். ஒரு கை தண்ணீர் கொதித்ததும் கீரை. மூடக் கூடாது. மூடினால் கீரையிலிருந்து எழும் புளிப்பு ஆவி மூடியில் பட்டுத் திரும்பச் சட்டியிலேயே விழும். பச்சை செத்துக் காக்கி நிறமாகும். திறந்தே வைத்தால் ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும், நிறமும் நிற்கும். உப்பு கடைசியில். மலைபோல் இருக்கும்போது போட்ட உப்பு, கீரை ஒரு கைப்பிடியாகச் சுருங்கியதும் கரிக்கும்.

இனி மத்து. என் மாமியாரின் கீரைச் சட்டிக்கு உட்புறம் வரி வரியாகக் கீறல் இருக்கும். மத்தை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டும்போது முதலில் 'சளக் சளக்' என்று கேட்கும்; அது கீரையும் தண்ணீரும் தனித்தனியாக இருக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் சத்தம் கனத்து, 'தொப் தொப்' என்று அடங்கும். அப்போது நிறுத்த வேண்டும். மத்தைத் தூக்கினால் மசியல் விழாமல் ஒரு நொடி தொங்கிப் பிறகு விழும். அதற்குள் இலைத் துணுக்குகளும் வெங்காயத் துண்டுகளும் பல்லில் படும்படி இருக்கும். மிக்ஸியில் அடித்தால் இந்தப் பதம் வராது, பசை மாதிரி ஆகிவிடும். மத்து இல்லாதவர்கள் கரண்டியின் பின்பக்கத்தால் சட்டி ஓரத்தில் வைத்து நசுக்குங்கள்.

நல்லெண்ணெயில் குழம்பு வடகம் தாளித்துக் கொட்டுங்கள். எண்ணெயைக் கண்டு பயப்பட வேண்டாம். கீரையில் இருக்கும் கரோட்டின் உடம்பில் சேர அந்தக் கொழுப்பு வேண்டும்.

தண்டை வீணாக்காதீர்கள். தண்டுக்கீரையின் தண்டு கட்டைவிரல் பருமன் வந்ததும் நார் உரித்து, விரல் நீளம் நறுக்கி, புளிக்குழம்பில் போட்டால் முருங்கைக்காய் போலச் சப்பிச் சாப்பிடலாம். என் மாமனாருக்கு இதற்காகவே இரண்டாவது தடவை சோறு வேண்டும்.

3 அக்டோபர் 2023

யாழ்ப்பாணத்துச் சகோதரி ஒருவர் எழுதியது: அவர்கள் கீரையைத் தேங்காய்ப்பாலில் கடைந்து, இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுவார்களாம். தேசிக்காய் என்றால் எலுமிச்சை. அடுப்பில் இருக்கும்போது விட்டால் கைத்துவிடும் என்று எச்சரித்திருக்கிறார். நேற்று செய்தேன். முதல் வாயிலேயே கீரையின் மண் வாடை விலகி, இனிப்பு முன்னால் வந்தது. கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ள எலுமிச்சைப் புளிப்பு உதவும். அந்த அறிவு இந்தக் கைப்பக்குவத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இனி எங்கள் வீட்டிலும் இதுதான்.

24 நவம்பர் 2023

ஐப்பசியில் விதைத்த முளைக்கீரை 19ஆம் நாளில் பூத்துவிட்டது. உயரம் ஒரு சாண்கூட இல்லை. ஆறு இலை, உச்சியில் கதிர். பூத்த கீரைக்கு இலையில் சாரமே இருக்காது.

பழைய விதையைப் புதிய பொட்டலத்தில் போட்டு விற்கிறார்கள் என்று நினைக்கிறேன். எந்தக் கடை என்று சொல்ல விரும்பவில்லை. ஆனால் மிகவும் கோபமாக இருக்கிறது. ஒரு மாதத் தண்ணீரும் உழைப்பும் போயிற்று.

16 டிசம்பர் 2023

கடையைக் குற்றம் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

கோபத்தில் அதே வாரம், ஜூனில் விதைத்ததில் மிச்சம் வைத்திருந்த கோ 1 விதையைப் பக்கத்திலேயே விதைத்தேன். ஜூனில் 26 நாள் பூக்காமல் நின்ற அதே விதை. இப்போது அதுவும் 20 நாளில் பூத்துவிட்டது. விதையில் குற்றமில்லை, காலத்தில்தான் இருக்கிறது. பகல் சுருங்கினால் பூக்கிற செடி இது. திருச்சியில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் வித்தியாசம். அந்த ஒன்றேகால் மணி நேரத்தைச் செடி கணக்குப் பார்க்கிறது, நான் பார்க்கவில்லை.

என் மாமியாரிடம் சொன்னேன். "கார்த்திகையில் முளைக்கீரை போடுவார்களா? வெந்தயமும் கொத்தமல்லியும் போடுகிற மாதம் அல்லவா?" என்றார். விதைக்கும்போது ஏன் சொல்லவில்லை என்றால், "நீ கேட்கவில்லையே அம்மா" என்கிறார்.

கோடைக்குத்தான் இந்தச் செடி. சோளமும் கரும்பும் போல வெயிலைத் தின்று வளரும் சாதி. சித்திரை வெயிலில் மற்றச் செடிகள் துவண்டு கிடக்கும்போது கீரைக்குத் தண்ணீர் மட்டும் காட்டினால் போதும், நிழல்வலை வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் விதைத்தே ஆக வேண்டுமென்றால் 18ஆம் நாளிலேயே, கதிர் தெரியும் முன், குருத்தாகப் பிடுங்கிவிடுங்கள். கொஞ்சம்தான் தேறும், ஆனால் வெண்ணெய்.

பூத்ததை நான் பிடுங்கவில்லை. நன்றாக வளர்ந்த இரண்டு செடிகளை விதைக்கு விட்டிருக்கிறேன். கதிரை உள்ளங்கையில் தேய்த்தால் கறுப்பு விதை பளபளவென்று உதிரும்போது அறுத்து, துணியில் தட்டி, முறத்தில் புடைத்தால் போதும். பக்கத்தில் செங்கீரை இருந்தால் கலந்துவிடக்கூடும். தனியாக விதைக்கு விடுங்கள்.

11 ஜனவரி 2024

ஜூலை 9 அன்று தண்ணீரில் ஒரு சொட்டையும் கொட்டாதீர்கள் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்து யாராவது அப்படியே செய்துகொண்டிருந்தால், தயவுசெய்து இதையும் படியுங்கள்.

என் கணவருக்கு டிசம்பர் கடைசியில் இடுப்பில் பிடித்த வலி, சிறுநீரகக் கல் என்று தெரிந்தது. கால்சியம் ஆக்சலேட் வகை. கீரையில் ஆக்சலேட் அதிகம். வாரத்தில் நான்கு நாள் கொல்லைக் கீரை சாப்பிடும் வீடு எங்களுடையது. கல் வர நூறு காரணம் உண்டு, தண்ணீர் குறைவாகக் குடித்ததும் ஒன்று. ஆனாலும் தட்டில் கீரையைப் பார்க்கவே எனக்குக் கை நடுங்கியது.

மருத்துவர் கீரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, அளவாகச் சாப்பிடச் சொன்னார். கரையக்கூடிய ஆக்சலேட் தண்ணீரோடு இறங்கிவிடும். கல் தொந்தரவு உள்ளவர்கள் கொட்டுங்கள். நான் சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது.

இன்னொன்றும் சொன்னார். கீரை சாப்பிடும் வேளையில் தயிரோ மோரோ சேர்த்துக்கொண்டால், அதில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளிவிடுமாம். கீரைக்கும் தயிருக்கும் ஆகாது என்றே எங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்தேன். அப்போதுதான் அந்தப் புறநானூற்றுப் பெண் நினைவுக்கு வந்தாள். 'மோரில்லை' என்று ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது என்றால், கீரையோடு மோர் இருப்பதுதானே அன்றைக்கு இயல்பு? ஜூன் மாதம் அந்தச் சொல்லை எழுதிவிட்டுக் கவனிக்காமல் போய்விட்டேன்.

17 பிப்ரவரி 2024

கணவர் நன்றாக இருக்கிறார். கல் சிறியது, தானாகவே போய்விட்டது.

முதலில் கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் அம்மா சொன்னபடி பிடுங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரை அரைக்கீரை விதைக்கச் சொல்லுங்கள்.

துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், சோப்புத் தண்ணீர் போகாத ஓரத்தில், யாரும் விதைக்காத குப்பைக்கீரை ஒரு கொத்து நிற்கிறது. போன வாரம் கொழுந்தைக் கிள்ளியிருந்தேன். இன்று காலை குனிந்து பார்த்தேன். கிள்ளிய இடம் காய்ந்து பழுப்பாக, ஒரு மிளகு அளவு. அதை ஒட்டிக் கீழே இலைக்காம்பின் இடுக்கில் இரண்டு பக்கமும் இரண்டு கொழுந்து, இன்னும் விரியாமல், நுனியில் லேசான சிவப்போடு.

தை நடுவில் விதைத்த அரைக்கீரைக்கு நாளை முதல் அறுப்பு. தேங்காயும் சீரகமும் அரைத்து மோர்க்கீரை. மோரை இன்று இரவே வெளியில் வைத்திருக்கிறேன், காலைக்குள் கொஞ்சம் புளிக்கட்டும்.